எதிர்வீட்டுச் சாவி

அந்தத் தெருவில் திருட்டு கிடையாது. பூட்டு ஒப்புக்குத்தான். வெளியே போகிறவர்கள் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுப்பை அணைக்க மறந்திருந்தாலும், குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தாலும் எதிர்வீட்டார் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். கொடுக்காமல் போகிறவனை, "உள்ள என்னப்பா, புதையலா வச்சிருக்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். அடுத்த முறை அவனும் கொடுத்துவிடுவான்.

தெருவின் ஒரு முனை சுவரில் போய் முட்டும். ஆலை ஓடிய காலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள். ஆலை மூடிவிட்டது, வீடுகள் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்தன. பெண் எடுத்ததும் கொடுத்ததும் அதற்குள்ளேயே என்பதால் யாரைத் தொட்டாலும் இன்னொருவருக்கு மாமாவாகவோ சித்தியாகவோ இருந்தார்கள். வாசல் கதவுகள் எல்லாம் ஒரே பச்சை. பெயின்ட்டை மொத்தமாக வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அடிப்பார்கள். யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆளை மருத்துவமனையில் சேர்த்திருப்பார்கள். இப்படி ஒரு தெருவைப் பார்த்து வெளியாட்களுக்கு வயிறு எரியும். எரிய வேண்டியதுதான். அந்த ஒற்றுமை யார் யாருக்கு என்று கேட்கும்படியான சந்தர்ப்பம் அதுவரை வரவில்லை.

ஒரு வீட்டுக்காரர் மகனோடு வெளிநாட்டில் போய்த் தங்கிவிட்டார். தெருவில் ஒரு வார்த்தை சொல்லாமல், தரகர் மூலமாக வீட்டை விற்றார். வாங்கியவர் பல்செட் செய்பவர். பல் மருத்துவர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். அவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறும் தாடையுமாக அச்செடுத்து, மெழுகில் பல் பதித்து வேலையை முடித்து அனுப்புவார். முன்னறைச் சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள், தட்டு முழுக்க வெள்ளை வாய்கள். முதல் நாள் அதைப் பார்த்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் மற்ற பிள்ளைகளையும் கூட்டி வந்து காட்டினார்கள்.

அவர், மனைவி, ஒரு சின்னப் பெண். வேறு ஊர், வீட்டுக்குள் வேறு பேச்சு, வேறு சாமி. தெரு அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் பல தினுசு உண்டு, தெருவுக்கு எல்லாமே கைவந்திருந்தது. அவர் சிரித்தால் எதிரில் வருகிறவருக்குச் செருப்பு வார் அவிழ்ந்துவிடும். அவர் மனைவி கடைக்குப் போனால் கடைக்காரருக்குப் பின்கட்டில் வேலை வந்துவிடும்.

பல் மட்டும் தனி விவகாரம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள், அந்தத் தெருவில் சொல் போனவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். அவர் தெருக்காரர்களுக்குக் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். வீட்டுக்கே வந்து வாயில் பொருத்திப் பார்த்து, இடிக்கிற இடத்தை அரத்தால் தேய்த்தும் கொடுத்தார். முதலில் போனவர் மூலைக் கடைக்காரர். புதுப் பற்களோடு கடையில் உட்கார்ந்து, "ஆளு வேலைக்காரன்தான், அதுக்காக வீட்டுக்குள்ள விட முடியுமா?" என்றார். அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

பல்செட்காரரின் எதிர்வீடு தையல்காரியுடையது. கணவன் கப்பலில் வேலை. வீட்டில் மாமியார், மாடியில் கொழுந்தன். ஜன்னலோரம் மிஷின். தலையை நிமிர்த்தினால் எதிரே அவர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு மெழுகு செதுக்குவது தெரியும். அந்தக் குடும்பம் முதன்முதலாக வெளியூர் கிளம்பியபோது அவர் மனைவி தெருவைக் கடந்து வந்து சாவியை நீட்டினாள்.

"அக்கா, இங்க இப்படித்தானே வழக்கம்? நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

யாரும் அவளிடம் சாவி கேட்டிருக்கவில்லை. தையல்காரிக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறைய சந்தோஷமாகவும் இருந்தது. நிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் ஆணி அடித்து அக்கம்பக்கத்துச் சாவிகளை மாட்டியிருந்தாள். எதிர்வீடு இல்லாத மூலை வீட்டுக்காரர்கள் எல்லாம் அவளிடம்தான் கொடுப்பார்கள். புதிதாக ஓர் ஆணி அடித்தாள்.

மாமியாருக்குப் பல் விழுந்து ரொம்ப காலமாகிவிட்டது. ஒரு காலத்தில் அவள் வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் தெருமுனையில் சண்டை நிற்கும். இப்போது என்ன சொன்னாலும் காற்றுதான் வந்தது. புரியாமல் மருமகள், "என்ன அத்தை?" என்று கேட்கும்போதெல்லாம் கிழவிக்கு அழுகை வரும் அளவுக்குக் கோபம் வந்தது. கடைசியில் பல் வேண்டும் என்று அவளே சைகை காட்டினாள். அளவெடுத்தாயிற்று. எதிரே ஜன்னலோரத் தட்டில், "எதிர்வீட்டம்மா" என்று அடியில் பென்சிலால் எழுதிய அச்சு வந்து உட்கார்ந்தது.

கொழுந்தனுக்குத் தெருவில் பொதுச்சொத்து என்று பெயர். யார் வீட்டில் பல்பு போனாலும் அவன்தான், யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் அவன்தான். தையல்காரிக்குப் பிரசவ வலி எடுத்தபோது, கணவன் கடலில் இருக்க, தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன். குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைவிட அதிகமாக அழுதவனும் அவன்தான். அவளுக்கு அவன் பிள்ளை மாதிரி. அவனிடம் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. தெரு என்ன நினைக்கிறதோ அதைத் தெருவுக்கு முன்னால் செய்து முடிப்பான், அவ்வளவுதான்.

அப்போது கடைசி வீடும் விலைக்கு வந்தது. பல்செட்காரரின் மச்சான் ஒரு நாள் வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

"ஒட்டகத்துக்கு இடம் குடுத்த கதைதான். முதல்ல தலை, அப்புறம் உடம்பு. நாளைக்கு நாம கூடாரத்துக்கு வெளிய நிப்போம்" என்றார் மூலைக் கடைக்காரர். கடையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். பொதுச்சொத்து மட்டும் தலையாட்டாமல் யோசித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் பல்செட்காரர் குடும்பத்தோடு மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனார். சாவி ஆணியில் ஏறியது. மறுநாள் மதியம் கொழுந்தன் வந்தான்.

"அண்ணி, எதிர்வீட்டுல தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. சாவியக் குடுங்க, பாத்துட்டு வரேன்."

அவள் ஒரு சட்டைக் கைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே பலகையைக் காட்டினாள். பிறகு மாமியாருக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்து, பின்னறையில் மின்விசிறிக்குக் கீழே கண்ணயர்ந்தாள். எழுந்தபோது சாவி ஆணியில் இருந்தது.

"குழாய்தான் அண்ணி, மூடிட்டேன்" என்றான். சட்டையில் மாவு கொட்டினது போல வெள்ளை. யார் வீட்டுக் கூரையையோ சுரண்டியிருப்பான் என்று நினைத்து, கழற்றிப் போடச் சொல்லித் துவைத்தாள்.

அந்த மதியம் அவனோடு இன்னும் இரண்டு பேர் பச்சைக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். மூலைக் கடைக்காரர் பார்த்தார். பக்கத்து வீட்டு ஓட்டுநர் பார்த்தார். மாடியில் துணி காயப்போட்டவர்கள் பார்த்தார்கள். வாசலில் ஒரு பூனை புதிதாக வந்தால்கூட யார் வீட்டுப் பூனை என்று விசாரிக்கிற தெரு அது. பட்டப்பகலில் பலகைத் தட்டுகள் சரிந்த சத்தத்தை, பிறகு விசாரித்தபோது, ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

குடும்பம் திரும்பி வந்த சாயங்காலம் பல்செட்காரரின் மனைவி போட்ட சத்தத்தில் தையல்காரி ஓடினாள். முன்னறைத் தரை தெரியவில்லை. கணுக்கால் அளவுக்கு வெள்ளைத் துண்டுகள், நடுநடுவே இளஞ்சிவப்பு ஈறுகள். பல் தேய்க்கிற மோட்டாரின் வயரை அறுத்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் "இது எங்கள் தெரு" என்று எழுதியிருந்தது, அதுவும் தெருவின் கதவுப் பச்சையில். சின்னப் பெண் வாசலிலேயே நின்று, "அம்மா, எல்லார் பல்லும் விழுந்துடுச்சு" என்றது.

பல்செட்காரர் துண்டுகளுக்கு நடுவே நின்றார். ஜன்னல் திண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏழு அச்சுகள் வரிசையாக, கீறல்கூட இல்லாமல் இருந்தன. அவற்றுக்கு அடியில் ஒரு செய்தித்தாள்கூட விரித்திருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். மூலைக் கடை. ஓட்டுநரின் அப்பா. முடிவெட்டுகிறவர். எதிர்வீட்டம்மா. ஏழும் தெருவின் வாய்கள்.

தையல்காரியும் அதைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ரவுடி ஒருவன் உடைக்க வந்தால் அச்சின் அடியைத் திருப்பிப் பெயர் படித்துக்கொண்டிருப்பானா? படித்து, இது நம்ம சித்தப்பா, இது நம்ம அம்மா என்று பொறுக்கியெடுத்து, சேதாரமாகாமல் காகிதம் விரித்து வைத்திருப்பானா? இப்படியொரு காரியத்தை அந்தத் தெருவில் பிறந்தவனால் மட்டுமே செய்ய முடியும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். துண்டுகளை ஷூ நுனியால் விலக்கினார். தெரு மொத்தமும் வாசலில் கூடி, "இந்தத் தெருவுல இப்படி நடந்ததே இல்ல சார், வெளியாளுங்க வேலை" என்று ஒரே குரலில் சொன்னது. வேலிக்கு ஓணான் சாட்சி. திண்டில் இருந்த ஏழு அச்சுகளையும் பல்செட்காரர் கையால் காட்டினார். இன்ஸ்பெக்டர், "தப்பிச்சுதே, நல்லதா போச்சு" என்றார்.

"சாவி?" என்று தையல்காரியிடம் கேட்டார்.

அவள் கொழுந்தனைத் தேடினாள். அவன் கூட்டத்தின் ஓரத்தில், முறம் துடைப்பத்தோடு நின்றான். பெருக்கிக் கொடுக்க வந்திருந்தான்.

"ஆணியிலதான் சார் இருந்துச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"குழாய்னு சொல்லித்தானேடா வாங்கின?"

அவன் மறுக்கவில்லை. "யாரையும் தொடல அண்ணி. ஆள் இல்லாத நேரமாப் பாத்துத்தானே போனோம்? கொஞ்சம் பயம் காட்டினா அந்த மச்சான் வீடு வாங்காம போயிடுவாரு. அம்மா பல்ல நானே என் கையால எடுத்து வச்சேன். நம்ம ஆளுங்க பல்லு ஒண்ணுகூட உடையல."

"மத்ததெல்லாம் யாரோடதுடா?"

"அது யாருக்குத் தெரியும்?" என்றான் அவன். நிஜமாகவே அவனுக்கு அது ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை. அவள் அவனை அறைந்தாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "உங்களுக்குக் கோபம் வரும்னு தெரியும். அதான் சொல்லல" என்றான்.

கப்பலில் இருந்த கணவனுக்குப் போன் போட்டாள். அலைச் சத்தத்துக்கு நடுவே முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "பேசாம இரு. அவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க. நமக்கு இதே தெருவுலதான் எல்லாம்." தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பேசாமல் இருந்தாள். இருந்திருக்கவும் முடிந்திருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இந்த முறை அவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. பல்செட்காரரை வாசலில் நிறுத்தி, தெரு கேட்கும்படியே பேசினார்.

"பூட்டு உடையல. ஜன்னல் உடையல. ஒரு சாவி உங்ககிட்ட, இன்னொண்ணு எதிர்வீட்டு ஆணியில. அந்தம்மா யாருக்கும் குடுக்கல. அப்ப கதவைத் திறந்தது யாரு? தெருமேல பழி போட நீங்களே செஞ்சுக்கிட்டீங்களா? நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க, பேசலாம்."

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. இவ்வளவு நல்ல பதில் இருக்கும்போது இத்தனை நாள் தோன்றவில்லையே என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இருக்கும், இருக்கும்" என்றார் கடைக்காரர்.

பல்செட்காரரின் மனைவி தெருவைக் கடந்து வந்தாள். தையல்காரியின் ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் உங்கமேல எதுவும் சொல்லல. யாராவது கேட்டாங்களான்னு மட்டும் சொல்லுங்க. அவர உள்ள வச்சிட்டாங்கன்னா நான் இந்தப் பிள்ளைய வச்சிக்கிட்டு எந்த வீட்டுக் கதவத் தட்டுவேன்?"

தையல்காரி பயந்தாள். அவளுக்குப் போலீஸைவிடத் தெருவைப் பற்றித்தான் பயம். கொழுந்தன் சிறைக்குப் போவதை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஆனால் கம்பியைப் பிடித்திருந்த அந்த விரல்கள்தான் முதல் நாள் சாவியை நீட்டியவை. மிஷினிலிருந்து காலை எடுத்தாள், வாசலுக்கு வந்தாள், எல்லோருக்கும் நடுவில் நின்று சொன்னாள்.

"நான் குடுத்தேன் சார். தண்ணி ஓடுதுன்னு என் கொழுந்தன் கேட்டான், குடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலம் அவன் சட்டையத் துவைச்சதும் நான்தான். தண்ணியெல்லாம் வெள்ளை."

யாரும் கத்தவில்லை. பொதுச்சொத்து அவளைப் பார்த்தான், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு தானாகவே ஜீப்பில் ஏறினான். மற்ற இருவரின் பெயரை அவன் சொல்லவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் பழக்கம் அந்தத் தெருவில் கிடையாது.

மறுநாள் காலை ஓட்டுநரின் மனைவி வந்தாள். "ஒரு சாவி எங்ககிட்டயே இருக்கட்டும்னு பாக்குறோம்" என்று சிரித்துக்கொண்டே தன் சாவியைக் கழற்றிக்கொண்டாள். பிறகு முடிவெட்டுகிறவர் வந்தார். பிறகு மூலை வீடு. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். தைக்கக் கொடுத்திருந்த துணிகளும் வெட்டியது வெட்டினபடியே திரும்பிப் போயின. வாரம் முடிவதற்குள் பலகையில் ஒரே ஒரு சாவிதான் தொங்கியது, எதிர்வீட்டுச் சாவி.

கொழுந்தன் ஜாமீனில் வந்த அன்று தெருமுனைக்கே போய் எல்லோரும் அவனை அழைத்து வந்தார்கள். மாடிக்கு ஏறும்போது அண்ணியைத் தாண்டித்தான் போனான். சாப்பாடு முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது. மாமியார் மருமகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டுவாள்.

பல்செட்காரர் வீட்டை விற்கத் தரகரிடம் சொல்லிவிட்டார். மச்சான் கடைசி வீட்டுப் பேச்சை அப்போதே விட்டிருந்தார். ஆக, பொதுச்சொத்து நினைத்தது நடந்தது. சாமான்களைக் கட்டிய பிறகும் எதிர் ஜன்னலில் விளக்கு எரிந்தது, வயரை ஒட்டுப்போட்ட மோட்டாரின் சத்தம் கேட்டது. அவரிடம் மிச்சமிருந்த வேலை ஜன்னல் திண்டில் இருந்த ஏழு வாய்கள்தான். சிலருடைய பல்செட்டைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது, எதிர்வீட்டம்மாவுடையது மட்டும் முழுதாகச் செய்ய வேண்டியது. செய்து முடித்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை சின்னப் பெட்டியோடு தையல்காரியின் வீட்டுக்கு வந்தார். அவள் தடுமாறிப் போனாள்.

"எதுக்குங்க இதெல்லாம்? இவ்வளவுக்கு அப்புறமும்..."

"அளவெடுத்தாச்சு. வேற யார் வாய்க்கும் ஆகாதே" என்றார். கோபமா, களைப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். வந்தவர் யாரென்று தெரியும். தன் பிள்ளை என்ன செய்தான் என்றும் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் மருமகள் நினைத்தாள். கிழவி வாயைத் திறந்தாள்.

அவர் தரையில் முழங்காலிட்டு, மேல் வரிசையை முதலில் வைத்தார், பிறகு கீழ் வரிசை. கட்டை விரலால் இரண்டு பக்கமும் அழுத்தினார். குழிந்திருந்த கன்னங்கள் மேலே வந்தன. முகம் பத்து வயது குறைந்து, பழைய அதட்டல் முகமானது. சுவரில் சாய்ந்து நின்ற தையல்காரிக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகவே இருந்தது.

"பேசிப் பாருங்கம்மா. நீளமா ஏதாவது சொல்லுங்க. நாக்கு எங்க இடிக்குதுன்னு கேக்கணும்" என்றார் அவர்.

கிழவி நாக்கால் பற்களை ஒரு சுற்று தடவினாள். அவர் தோளுக்கு மேலாக மருமகளைப் பார்த்தாள்.

"போகும்போது இவளையும் உங்க வண்டியிலயே ஏத்திட்டுப் போங்க. இவ எங்க தெருக்காரி இல்ல."

வெகு நாளைக்குப் பிறகு அவள் பேசியது அந்த வீட்டில் ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை. மாடிப்படியில் ஒரு காலடி நின்றது.

பல்செட்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கீழ் வரிசையை மெதுவாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓர் ஓரத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, தண்ணீரில் அலசி, மறுபடி அவள் வாயில் பொருத்தினார்.

"'த' கொஞ்சம் தட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் சொன்னாள். அதே சொற்களை, முன்னைவிட நிதானமாக, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"இப்ப சரியா உக்காந்திடுச்சு" என்று அவர் பெட்டியை மூடினார். பலகையிலிருந்த ஒரே சாவியைத் தையல்காரி எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனார்.